மணிக்கூடும் போனும்: கிணற்றடிக்குப் போனால் தொடர்பு ஏன் அறுந்துபோகிறது?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 68 வயது. சீனி வருத்தம் இருப்பதால் தினமும் அரை மணித்தியாலமாவது நடக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஒழுங்கையில் நாய்த் தொல்லை. அதனால் பெரியம்மா வளவுக்குள்ளேயே நடப்பார். முற்றத்தில் தொடங்கி, மாமரத்தைச் சுற்றி, கிணற்றடி வரைக்கும் போய்த் திரும்புவார். இதைக் கேள்விப்பட்ட அவருடைய மகள், என் அக்கா, ரொறன்ரோவிலிருந்து ஒரு மணிக்கூடு வாங்கி அனுப்பினார். எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணும், நாடித்துடிப்பைப் பார்க்கும், போனுக்கு அழைப்பு வந்தால் கையில் அதிரும்.

இரண்டு கிழமை கழித்துப் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். “பிள்ளை, இது பழுதாப் போச்சுது போல. கிணத்தடிக்குப் போனவுடனே மணிக்கூட்டில இருக்கிற போன் படத்துக்கு மேலே ஒரு கோடு விழுகுது. திரும்பிக் குசினிக்குள்ள வந்தாச் சரியாகுது. கடையில குடுத்துப் பாப்பமோ?”

பழுது ஒன்றும் இல்லை. போன் குசினியில், குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் சார்ஜில் கிடந்தது. மணிக்கூடு கிணற்றடியில். ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்கவில்லை. ஆனால் “தூரம் கூடிப்போச்சு” என்று சொல்லி இதை முடித்துவிட எனக்கு மனமில்லை. குசினியிலிருந்து கிணற்றடி 14 மீற்றர்தான். அதே மணிக்கூடு பண்ணைக் கடற்கரையில் 30 மீற்றர் தூரத்திலும் தொடர்பு அறாமல் நின்றதை நானே பார்த்தேன். அப்படியென்றால் கணக்கு வேறெங்கோ இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய இப்படியான மணிக்கூடுகள் இப்போது யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. இது விளங்கினால் பல பேருடைய வீண் அலைச்சல் குறையும்.

ஒன்றையொன்று கூப்பிடும் விதம்

மணிக்கூட்டையும் போனையும் இணைப்பது புளூடூத். வானொலியைப் போலவே இதுவும் அலைதான். இந்த அலை ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 240 கோடி தடவை அதிர்கிறது. 2.4 கிகாஹேர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருப்பது இதைத்தான். ஒரு அலையின் நீளம் 12.5 சென்ரிமீற்றர், அதாவது ஒரு பேனையின் நீளம். இந்த 12.5 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இணைப்பு என்றவுடன் இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் கட்டியிருப்பதுபோல நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நடப்பது வேறு. பெரியம்மா குசினிக்குள் சமைத்துக்கொண்டே இடைக்கிடை “எங்க நிக்கிறாய்?” என்று கேட்பார். முற்றத்தில் விளையாடும் பேரன் “இங்க நிக்கிறன்” என்பான். கொஞ்ச நேரம் இருவரும் பேசமாட்டார்கள். திரும்பவும் ஒரு “எங்க நிக்கிறாய்?”. போனும் மணிக்கூடும் இதையேதான் செய்கின்றன. ஒரு தடவை கூப்பிட்டுப் பதில் வாங்கியதும் இரண்டும் அலையை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும். அடுத்த கூப்பிடலுக்கு எவ்வளவு நேரம் என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருக்கும். புளூடூத் விதிப்படி அது 7.5 மில்லிசெக்கன் முதல் 4 செக்கன் வரை இருக்கலாம். இப்படி நேரத்தில் பெரும்பகுதியைத் தூக்கத்தில் கழிப்பதால்தான் அவ்வளவு சின்ன மின்கலத்தோடு மணிக்கூடு நாட்கணக்கில் ஓடுகிறது. குறைந்த மின்சக்தியில் வேலை செய்யும் இந்த முறை 2010இல், புளூடூத்தின் 4.0 பதிப்போடு வந்தது.

பேரன் ஒருமுறை பதில் சொல்லாவிட்டால் பெரியம்மா பதறமாட்டார். இரண்டு மூன்று முறை கூப்பிட்டும் சத்தம் இல்லையென்றால்தான் அகப்பையோடு வெளியே வருவார். போனும் அப்படித்தான். ஒரு பதில் தவறினால் தொடர்பு போய்விட்டது என்று முடிவெடுக்காது, குறித்த ஒரு நேரம் பொறுத்துப் பார்க்கும். அந்தப் பொறுமை அதிகமாக 32 செக்கன் வரை போகலாம். வீட்டில் நீங்களே தூரத்தைச் சோதிக்கும்போது இது முக்கியம். நடந்துகொண்டே போய், கோடு விழுந்த இடத்தை “இதுதான் எல்லை” என்று குறித்தால் பிழைத்துவிடும். உண்மையான எல்லையைத் தாண்டி இருபது முப்பது அடி போன பிறகுதான் கோடு விழுந்திருக்கும். ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் நின்று பார்க்க வேண்டும்.

அதேபோல, எல்லைக்குள் திரும்பி வந்த உடனே தொடர்பு வராவிட்டாலும் அந்தரப்பட வேண்டாம். விட்டுப்போன பிறகு மணிக்கூடு மின்சக்தியை மிச்சம் பிடிக்க ஆறுதலாகத்தான் கூப்பிடும். ஒரு நிமிடமாவது கொடுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் 10 மீற்றர்

பெரும்பாலான பெட்டிகளில் 10 மீற்றர் என்றோ 33 அடி என்றோ இருக்கும். ஒரு வட்டம் கீறி அதற்குள் நின்றால் வேலை செய்யும், வெளியே போனால் செய்யாது என்பதுபோல அது தோன்றும். அந்த 10 எங்கிருந்து வருகிறது என்று ஒரு பரும்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடினம் இல்லை, பெருக்கலும் பிரித்தலும் தெரிந்தால் போதும்.

மணிக்கூடு அனுப்பும் சக்தி ஏறக்குறைய 1 மில்லிவாற். ஒரு 10 வாற் மின்குமிழ் எடுக்கும் சக்தியில் அது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் போன் கோபுரத்தோடு பேசும்போது 200 மில்லிவாற் வரை போகும். அதன் மின்கலம் 5000 மில்லியம்பியர் மணி அளவில் இருப்பதால் அது தாங்கும். மணிக்கூட்டின் மின்கலமோ பெரும்பாலும் 300ஐச் சுற்றித்தான். எனவே மெதுவாகத்தான் பேச முடியும்.

இந்த 1 மில்லிவாற் எல்லாப் பக்கமும் விரிந்து போகிறது. தூரம் இரண்டு மடங்கானால் போய்ச் சேரும் சக்தி நாலில் ஒன்றாகும். தூரம் பத்து மடங்கானால் நூறில் ஒன்றாகும். தடையே இல்லாத வெளியில் 10 மீற்றருக்கு அப்பால் போய்ச் சேர்வது பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். ஆனால் போனுக்குள் இருக்கும் வாங்கிக்கு நல்ல காது. நூறு கோடியில் ஒரு பங்கு கிடைத்தாலும் அது கேட்டுவிடும். இந்தக் கணக்கில் பார்த்தால் மணிக்கூட்டின் குரல் 300 மீற்றர் வரை கேட்க வேண்டும்!

ஏன் கேட்பதில்லை? முதலாவது, அன்ரெனா. அலையை நன்றாக அனுப்ப அலைநீளத்தின் காற்பங்காவது நீளமான அன்ரெனா நல்லது. 12.5இல் காற்பங்கு ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர். மணிக்கூட்டின் முழு உடலே 4 சென்ரிமீற்றர்தான், அதற்குள் திரை, மின்கலம், அதிர்வு மோட்டார் எல்லாம் நெருங்கிக் கிடக்கின்றன. அடியில் தோலோடு ஒட்டிய மணிக்கட்டு. இந்த நெருக்கத்தில் அன்ரெனா பத்தில் ஒன்பது பங்கை வீணாக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சக்தி பத்தில் ஒன்றானால் தூரம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். 300 இப்போது 100.

இரண்டாவது, உங்கள் உடம்பு குறுக்கே வருகிறது. இன்னொரு பத்தில் ஒன்று. 100 இப்போது 30.

மூன்றாவது, ஒரு கற்சுவர். இன்னொரு பத்தில் ஒன்று. 30 இப்போது 10.

பெட்டியிலுள்ள 10 மீற்றர் ஒரு வீட்டுக்குள் சாதாரணமாக நடமாடும் ஒருவருக்குப் பொருந்தும் எண். சுவர் இல்லாத இடத்தில் அது மும்மடங்காகும். இரண்டாவது சுவர் வந்தால் மூன்று நாலு மீற்றராகவும் சுருங்கும். நான் போட்ட பத்தில் ஒன்றுகள் எல்லாம் தோராயம்தான், மணிக்கூட்டுக்கு மணிக்கூடு, சுவருக்குச் சுவர் மாறும். ஆனால் தடைகள் ஒன்றையொன்று பெருக்கும் என்பது மாறாது. பெரியம்மாவின் குசினிக்கும் கிணற்றடிக்கும் இடையில் தொடர்பைத் தின்றது அந்த 14 மீற்றர் அல்ல, வழியில் நின்றவை.

பண்ணையில் பார்த்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெரியம்மாவைப் பண்ணைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். போனை என் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டின்மேல் இருந்தேன். பெரியம்மா கரையோரமாக நடந்தார். பத்து மீற்றருக்கு ஒருமுறை நின்று மணிக்கூட்டைப் பார்த்துக் கையசைப்பார். 10, 20, 30. மூன்றிலும் தொடர்பு இருந்தது. முப்பதில் அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பி, மணிக்கூடு கட்டிய இடக்கையை உயர்த்திக் காட்டிக்கொண்டு நின்றார்.

“அப்படியே மற்றப் பக்கம் திரும்பிக் கடலைப் பாருங்கோ, கையை நெஞ்சோட வச்சுக்கொள்ளுங்கோ” என்று கத்திச் சொன்னேன். திரும்பினார். ஓரடிகூட நகரவில்லை. அரை நிமிடம் ஆகுமுன்னே கோடு விழுந்துவிட்டது.

இதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். மைக்ரோவேவ் அடுப்பு சாப்பாட்டைச் சூடாக்குவதும் இதே அலைவரிசையில்தான். (உடனே பயப்பட வேண்டாம். அந்த அடுப்பு 1000 வாற் அளவில் வேலை செய்கிறது, மணிக்கூடு அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. உடம்பைச் சூடாக்க அதனால் முடியாது.) மணிக்கூட்டைப் பொறுத்தவரை அதைக் கட்டியிருக்கும் ஆள்தான் அதற்கு மிக அருகில் நிற்கும் மதில்.

இன்னொன்றும் கவனித்தேன். வீட்டுக்குள் இதே தூரத்தில் இல்லாவிட்டாலும், உடம்பைத் திருப்பினால் இவ்வளவு சட்டென்று அறுவதில்லை. காரணம் எதிரொலி. வீட்டுக்குள் அலை சுவரிலும் கூரையிலும் தரையிலும் பட்டுத் திரும்பி வந்து வேறு வழியால் போனைச் சேரும். கடற்கரையிலோ துரையப்பா விளையாட்டரங்கின் நடுவிலோ பட்டுத் திரும்ப ஒன்றுமில்லை. நேர்வழியை உடம்பு மறைத்தால் மாற்றுவழி கிடையாது. மைதானத்தில் ஓடும்போது போனை வலப்பக்கக் காற்சட்டைப் பையிலும் மணிக்கூட்டை இடக்கையிலும் வைத்திருப்பவர்களுக்குச் சில வேளை விட்டுவிட்டு வேலை செய்வது இதனால்தான். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தால் போதும். நல்லூர்க் கோயிலுக்கு வேட்டி மடியில் போனைச் செருகிக்கொண்டு போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: மணிக்கூடு எந்தக் கையோ அந்தப் பக்க இடுப்பு.

நம் வீடுகளும் வேலிகளும்

கண்ணுக்கு மறைப்பாக இருப்பதெல்லாம் அலைக்கு மறைப்பு இல்லை. கண் ஊடுருவும் சில இடங்களில் அலை திணறும். யாழ்ப்பாணத்து வளவில் இதை நன்றாகப் பார்க்கலாம்.

கிடுகு வேலி ஆளை முழுதாக மறைக்கும். காய்ந்த ஓலை அலைக்குக் கிட்டத்தட்ட வெறும் வெளி. மாரியில் நனைந்து ஊறிப்போனால் கொஞ்சம் உறிஞ்சும், அவ்வளவுதான். அதே இடத்தில் தகர வேலி போட்டால் கதை மாறிவிடும். உலோகம் அலையைத் திருப்பி அடித்துவிடும். கேற்றும் அப்படியே: தகரம் அடித்த கேற் மறைக்கும், பனை மட்டைப் படலை மறைக்காது.

பழைய வீடுகளின் சுண்ணாம்புக் கற்சுவர் ஒன்றரை அடி, இரண்டு அடி என்று தடித்தது. வெயிலுக்கு அருமையான சுவர், அலைக்குப் பாரமான சுவர். அந்த வீடுகளில் அறையிலிருந்து விறாந்தைக்குப் போனாலே தொடர்பு தடுமாறலாம். ஆனால் நாற்சார் வீடாக இருந்தால் நடு முற்றம் கைகொடுக்கும். போனை முற்றத்தைப் பார்த்த திண்ணையில் வைத்தால் நாலு பக்கமும் திறந்த வழி கிடைக்கும். புதிதாகக் கட்டும் வீடுகளில் சீமெந்துக் கற்சுவர் மெல்லியதுதான். அங்கே இடைஞ்சல் கம்பி வைத்த கொங்கிறீற் தூண்களும் மேல்தளமும். மாடி அறையில் போனை வைத்துவிட்டுக் கீழே நடந்தால் அநேகமாக அறும்.

யன்னல் கம்பிகளைப் பற்றிக் கேட்பார்கள். 12.5 சென்ரிமீற்றர் அலைக்கு, கம்பிகளுக்கு இடையிலுள்ள நாலு ஐந்து அங்குல இடைவெளி பெரிய தடையில்லை. நுளம்பு வலை நைலோனாக இருந்தால் சரி. உலோக வலை என்றால் அதன் கண்கள் அலைநீளத்தைவிட மிகமிகச் சிறியவை, அலைக்கு அது ஒரு தகரம்போல. மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் சின்ன ஓட்டைகள் உள்ள உலோகத் தகடு வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். வெளிச்சம் வெளியே வரும், அலை வராது.

இரும்பு அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, எரிவாயு சிலிண்டர், இவற்றின் பின்னால் போன் இருந்தால் அந்தப் பக்கம் முழுக்க நிழல். பெரியம்மாவின் வளவில் நான் முதலில் கவனிக்காத ஒன்று கிணற்றடிக்கு முன்னால் நிற்கும் 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி. பிளாஸ்ரிக்தானே என்று விட்டுவிட்டேன். பிளாஸ்ரிக்கால் ஒரு குற்றமும் இல்லை, உள்ளே இருப்பது ஒரு தொன் தண்ணீர். அதற்குப் பின்னால் நிற்பது பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பின்னால் நிற்பதுபோல. காலையில் மோட்டார் போட்டுத் தாங்கியை நிரப்பிய பிறகுதான் பெரியம்மா நடக்கத் தொடங்குவார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சனக்கூட்டத்தில்

2.4 கிகாஹேர்ட்ஸ் பலரும் புழங்கும் பொதுவழி. வைஃபை, கம்பியில்லா மவுஸ், காதில் மாட்டும் கருவிகள் எல்லாம் அங்கேதான். இடிபடாமல் இருக்கப் புளூடூத் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. தனக்குரிய இடத்தை 40 சிறு வழிகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கூப்பிடலுக்கும் வழி மாறித் தாவும். மூன்று வழிகள் புதிதாக அறிமுகமாவதற்கு, மிச்சம் 37 பேச்சுக்கு. அந்த மூன்றும் வைஃபை அதிகம் பயன்படுத்தும் 1, 6, 11ஆம் வழிகளுக்கு நேரே விழாதபடி இடைவெளி பார்த்து வைக்கப்பட்டவை. எங்காவது இரைச்சல் கூடினால் அந்த வழியைக் கழித்துவிட்டு மற்றவற்றில் தாவும். இப்படி அலைவரிசை தாவும் ஒரு முறைக்கு 1942இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இருவரில் ஒருவர் ஹெடி லமார் என்ற திரைப்பட நடிகை, மற்றவர் ஜோர்ஜ் அன்தைல் என்ற இசையமைப்பாளர். எதிரிகள் குழப்ப முடியாதபடி நீர்மூழ்கிக் குண்டை வானொலியால் செலுத்துவதற்கான யோசனை அது. பியானோவின் 88 கட்டைகளைப்போல 88 அலைவரிசைகள். எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்தது.

ஆகவே வீட்டு வைஃபையால் தொடர்பு அறுகிறது என்று உடனே அதன்மேல் பழி போடத் தேவையில்லை. ரவுட்டரின் மேலேயே போனை வைக்காமல் ஒரு மீற்றர் தள்ளி வைத்தால் போதும். நல்லூர்த் தேரன்று வெளிவீதியில் நிற்கும்போது தூரம் சுருங்குவதற்குப் பெரிய காரணம், ஆயிரக்கணக்கான போன்களின் இரைச்சலைவிட, சுற்றி நெருங்கி நிற்கும் ஆயிரக்கணக்கான உடம்புகள்.

கடையில் “இது புளூடூத் 5, பழையதைவிட நாலு மடங்கு தூரம் போகும்” என்று சொல்லி விற்பார்கள். பாதிதான் சரி. 2016இல் வந்த 5ஆம் பதிப்பில் நெடுந்தூர முறை ஒன்று உண்டு. ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல, வேகத்தைக் குறைத்துத் தூரத்தைக் கூட்டும் முறை. ஆனால் அது கட்டாயம் இல்லை. மணிக்கூடும் போனும் இரண்டுமே அதை ஏற்றுப் பயன்படுத்தினால்தான் பயன். பதிப்பு எண்ணைப் பார்த்துத் தூரத்தை எடைபோட வேண்டாம்.

இன்னும் தூரம் போகும்படி செய்திருக்கக் கூடாதா என்று கேட்டால், புளூடூத் பிறந்ததே மேசைமேல் கிடக்கும் வயர்களுக்குப் பதிலாகத்தான். 1998இல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐபிஎம், தொஷிபா ஆகிய ஐந்தும் சேர்ந்து தொடங்கியபோது, போனையும் கணினியையும் காதுக் கருவியையும் வயர் இல்லாமல் இணைப்பதுதான் நோக்கம். சின்னக் குரல் என்பதால் மின்கலம் நிலைக்கிறது, அடுத்த வீட்டு மணிக்கூட்டோடும் முட்டுவதில்லை.

அறுந்தால் எது போகும், எது போகாது

பெரியம்மாவின் முதல் கவலை, “அப்ப கிணத்தடியில நடந்த அடியெல்லாம் கணக்கில வராதோ?” என்பது. வரும். அடி எண்ணுவது மணிக்கூட்டுக்குள் இருக்கும் அசைவு உணரி. நாடித்துடிப்பைப் பார்ப்பது அடிப்பக்கத்துப் பச்சை வெளிச்சம். இரண்டுக்கும் போன் தேவையில்லை. மணிக்கூடு எல்லாவற்றையும் தன் நினைவில் வைத்திருந்து, திரும்பப் போனைக் கண்டதும் ஒப்படைக்கும். தூக்கக் கணக்கும் அப்படியே.

போகக்கூடியவை: அழைப்பு, குறுஞ்செய்தி, வானிலை. மணிக்கூட்டில் தனியாக ஜிபிஎஸ் இல்லையென்றால் நடந்த பாதையின் வரைபடமும் போகும், ஏனென்றால் அது போனின் ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்குகிறது. போனை வீட்டில் விட்டுவிட்டுக் கீரிமலைக்குச் சைக்கிளில் போய் வந்தால் நேரமும் நாடித்துடிப்பும் இருக்கும், போன வழி இருக்காது.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். தனியாக இருக்கும் தாய் தகப்பனுக்கு இந்த மணிக்கூடுகளை வாங்கி அனுப்பும் பிள்ளைகள், அதிலுள்ள அவசர அழைப்புப் பொத்தானை நம்பித்தான் அனுப்புகிறார்கள். அக்காவும் அப்படித்தான். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தால் பொத்தானை அழுத்துவார், எனக்கு அழைப்பு வரும் என்று நினைத்திருந்தார். மணிக்கூட்டுக்குள் சொந்தமாக சிம் வசதி இல்லையென்றால் அந்த அழைப்பு போன் வழியாகத்தான் போக வேண்டும். போன் எட்டாத தூரத்தில் இருந்தால் பொத்தானை எத்தனை தரம் அழுத்தினாலும் ஒருவருக்கும் போகாது. விழக்கூடிய இடங்கள் எவையோ, கிணற்றடி, குளியலறை, பின்வளவு, அவைதான் போனிலிருந்து தள்ளியும் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் இன்றைக்கே அந்த இடங்களில் அரை நிமிடம் அரை நிமிடமாக நின்று சோதித்துப் பாருங்கள்.

ஒரே மேசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் தொடர்பு அறுகிறதா? அப்படியென்றால் தூரம் காரணமில்லை, மேலே சொன்ன எதுவும் உதவாது. அன்ட்ரொய்ட் போன்கள் மின்கலத்தை மிச்சம் பிடிக்கப் பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடும். மணிக்கூட்டின் செயலிக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். அன்ட்ரொய்ட் 12 முதல் அருகிலுள்ள சாதனங்களை அணுகும் அனுமதி என்று ஒன்று தனியாக இருக்கிறது, அதையும் கொடுத்திருக்க வேண்டும். செயலி வழியாகவே இணைக்கச் சொல்லும் மணிக்கூட்டை, போனின் புளூடூத் பட்டியலில் நேரே தட்டி இணைக்கவும் வேண்டாம்.

பெரியம்மா வீட்டில் செய்தது

போனைக் குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்திலிருந்து எடுத்தோம். குசினியின் பின்பக்க யன்னல் கட்டில், ஓர் ஆள் உயரத்தில் வைத்தோம். வெறும் மூன்று மீற்றர் இடமாற்றம். ஒரு சுவரும் ஒரு உலோகப் பெட்டியும் வழியிலிருந்து விலகின. மாமரம் வரைக்கும், கிணற்றுக் கட்டின் முன்பக்கம் வரைக்கும் கோடு விழவில்லை, திரும்பி நின்றாலும் விழவில்லை. தாங்கிக்குப் பின்னால் மட்டும் விழுந்தது. அங்கேதான் குளிக்கும் இடம், அங்கேதான் பாசி.

அதற்கு இடமாற்றம் போதாது. பெரியம்மா ஒரு பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, இடுப்பில் கட்டிக்கொள்ளும் நாடா வைத்து ஒரு சின்னப் பை தைத்தார். மணிக்கூடு இடக்கையில், எனவே பை இடப்பக்கம். குளிக்கும்போது அதைத் தாங்கிக்குப் பின்னாலுள்ள கொடிக் கம்பியில் மாட்டிவிடுவார்.

மறுநாள் விடிய ஆறு மணிக்கு அக்காவுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சோதித்தோம். ரொறன்ரோவில் முதல்நாள் இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். நான் விறாந்தையில் நின்றேன். பெரியம்மா தாங்கிக்குப் பின்னால் போய் நின்று பொத்தானை மூன்று செக்கன் அழுத்திப் பிடித்தார். பையிலிருந்த போன் அழைக்கத் தொடங்கியது. இரண்டாவது மணியில் அக்காவின் குரல்.

“அம்மா, எங்க நிக்கிறீங்கள்?”

“இங்கதான் பிள்ளை, தாங்கிக்குப் பின்னால நிக்கிறன்.”